மகேந்திரகிரி அடிவாரத்துக் கேள்விகள்: ராக்கெட் எஞ்சினும் விண்கல மின்சாரமும்

பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விகளை இங்கே சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறோம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். பம்ப் பற்றிய கேள்விக்கு மட்டும் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ராக்கெட் எஞ்சினின் கஷ்டமெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது.

மலைப்பக்கமிருந்து சில நாள் நீளமாக ஓர் உறுமல் கேட்கிறதே, ராக்கெட் கிளம்புகிற சத்தமா?

இல்லை. மகேந்திரகிரியிலிருந்து எந்த ராக்கெட்டும் கிளம்புவதில்லை. அங்கே இருப்பது இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். எஞ்சினை எஃகுத் தாங்கியில் இறுகப் பூட்டி ஓடவிட்டுப் பார்க்கிற இடம் அது. சில சமயம் தொட்டி, குழாய், வால்வு எல்லாம் சேர்ந்த முழு அடுக்கையும் அப்படியே ஓட்டிப் பார்ப்பார்கள். திரவ உந்துவிசை மையத்தின் சோதனைக்கூடமாக வளர்ந்த இந்த வளாகம், 2014 பிப்ரவரி 1 முதல் தனி மையமாக இயங்குகிறது.

இடிச்சத்தம் உருண்டு உருண்டு அடங்கும். எஞ்சின் சத்தம் ஒரே சீராக நின்று, வால்வு மூடிய கணத்தில் அறுந்துவிடும். மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலி மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

குலசேகரன்பட்டினம் வேறு கதை. அங்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான்.

செம்பழுப்புப் புகை, வெள்ளை மேகம் என்று இரண்டு விதமாகத் தெரியுமாமே?

இஸ்ரோ ராக்கெட்டுகளின் பெரிய திரவ எஞ்சினான விகாஸில் ஆக்சிடைசராக (எரிபொருள் எரிய ஆக்சிஜன் கொடுக்கும் பொருளாக) நைட்ரஜன் டெட்ராக்சைடு பயன்படுகிறது. அதன் ஆவி செம்பழுப்பு நிறம். எஞ்சின் தொடங்கும்போதும் நிற்கும்போதும் எரியாமல் போகிற கொஞ்சம் ஆவி அப்படித் தெரியும். அது நஞ்சு, மூச்சுக்குழாயை அரிக்கும். கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிகிற கிரையோஜெனிக் (சுருக்கமாக கிரையோ) எஞ்சின் சோதனையில் தெரியும் வெள்ளை மேகம் பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம் குளிரில் உறைந்ததும், ஹைட்ரஜன் எரிந்து உண்டான நீராவியும்தான்.

திரவ எரிபொருள் ராக்கெட் ஆராய்ச்சி எங்கே தொடங்கியது?

காகிதத்தில் ரஷ்யாவில். 1903-ல் சியால்கோவ்ஸ்கி, திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் ராக்கெட்டுக்கு ஏற்றவை என்று எழுதிவிட்டார். செய்து பறக்கவிட்டவர் அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட். 1926 மார்ச் 16, மாசசூசெட்ஸின் ஆபர்ன் ஊரில் ஒரு பண்ணை. எரிபொருள் பெட்ரோல், ஆக்சிடைசர் திரவ ஆக்சிஜன்.

அந்த ராக்கெட்டைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எஞ்சின் மேலே, தொட்டிகள் கீழே, நடுவில் இரண்டு மெல்லிய குழாய்கள். மேலேயிருந்து இழுத்தால் ஊசல்போல நேராகத் தொங்கிக்கொண்டு போகும் என்ற எண்ணத்தில் அமைத்தது. அது பலிக்காது. எஞ்சின் ராக்கெட்டோடு கெட்டியாகப் பிணைந்திருப்பதால், ராக்கெட் சாய்ந்தால் உந்துவிசையும் கூடவே சாயும். எஞ்சின் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இதில் வித்தியாசமில்லை. கோடார்டும் பிறகு எஞ்சினைக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

பற்றவைத்ததும் அது எழும்பவில்லை. எடை உந்துவிசையைவிடக் கூடுதலாக இருந்தது. சில நொடி எரிந்து எடை குறைந்த பிறகுதான் கிளம்பியது. 2.5 நொடி பறந்து, 12 மீட்டர் சொச்சம் உயர்ந்து, 56 மீட்டர் தள்ளி விழுந்தது. சுடர் வெளியேறும் குழலான நாசிலின் கீழ்ப்பாதி எரிந்தே போயிருந்தது. இன்றைக்கும் எஞ்சின்காரர்களை வாட்டுகிற மூன்று தொல்லைகளான எடை, நிலைப்பு, சூடு ஆகியவை அந்த இரண்டரை நொடியிலேயே தலைகாட்டிவிட்டன.

தொட்டியில் காற்றழுத்தம் கொடுத்தே எரிபொருளைத் தள்ளலாமே, பம்ப் எதற்கு?

சின்ன எஞ்சினுக்கு அதுதான் நல்ல வழி. பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கிலும், செயற்கைக்கோளில் இருக்கும் 440 நியூட்டன் எஞ்சினிலும் ஹீலியம் வாயு அழுத்தித்தான் எரிபொருள் வருகிறது. பம்ப் இல்லை, சுழலும் பாகம் இல்லை, கெட்டுப்போக ஆளும் குறைவு. மங்கள்யானின் 440 நியூட்டன் எஞ்சின் சுமார் 300 நாள் சும்மா கிடந்து, 2014 செப்டம்பர் 22 அன்று செவ்வாய்க்குப் பக்கத்தில் மறுபடி எரிந்தது அதனால்தான் சாத்தியமாயிற்று.

பெரிய எஞ்சினில் கணக்கு மாறும். விகாஸின் எரி அறை அழுத்தம் 58 பார் அளவில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதற்குள் எரிபொருள் நுழைய வேண்டுமானால் அதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். அத்தனை அழுத்தத்தைத் தாங்கும் தொட்டி செய்தால் சுவர் தடித்து, ராக்கெட் தன் தொட்டியையே சுமந்துகொண்டு நிற்கும். பம்ப் இருந்தால் தொட்டியில் சில பார் போதும், சுவர் மெல்லியதாகவே இருக்கலாம்.

ஜெர்மனியின் வி-2 இந்த வழியைப் பெரிய அளவில் செய்து காட்டியது. அது 1942 அக்டோபர் 3-ல் முதன்முதலாகச் சரியாகப் பறந்தது. உந்துவிசை 25 டன். நொடிக்கு 125 கிலோவுக்கு மேல் ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரி அறைக்குள் போக வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பெர்மாங்கனேட்டோடு சேர்த்துச் சூடான நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டில் இரண்டு பம்புகளையும் ஓட்டினார்கள். நம் முப்பந்தல் காத்தாடியில் காற்று இறக்கையைச் சுழற்றுகிறது, தண்டின் மறுமுனையில் ஜெனரேட்டர். இங்கே காற்றுக்குப் பதில் நீராவி, ஜெனரேட்டருக்குப் பதில் பம்ப். (அந்த ராக்கெட்டுகளைச் செய்யக் கைதிகளைச் சுரங்கத்தில் வதைத்து வேலை வாங்கினார்கள். வி-2 விழுந்து செத்தவர்களைவிடச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். இதைச் சொல்லாமல் அந்த எஞ்சினைப் பாராட்டுவது நியாயமில்லை.)

இனி, பம்பில் என்ன கெடும்? கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போன கோடையில் மோட்டார் போட்டுப் பாருங்கள். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் பம்புக்குள் கூழாங்கல் உருட்டுவதுபோலச் சத்தம் வரும். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்துக் குமிழாகிறது. அந்தக் குமிழ் இறக்கைமேல் சட்டென்று நசுங்கி உலோகத்தைக் கொத்திக் கொத்தி எடுக்கும். தண்ணீருக்கே இப்படியென்றால், கொதிநிலையை ஒட்டியே தொட்டியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனுக்கு எப்படி இருக்கும்? அதனால் பெரிய பம்புக்கு முன்னால் மெதுவாகச் சுழலும் சின்ன பம்ப் ஒன்றை வைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பார்கள். அதற்கு பூஸ்டர் டர்போபம்ப் என்று பெயர்.

2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 விழுந்ததற்குக் காரணம் இந்தச் சின்ன பம்ப்தான். கிரையோ அடுக்கின் எரிபொருள் பூஸ்டர் பம்ப் ஓடத் தொடங்கிச் சட்டென்று நின்றுபோனது. ஹைட்ரஜன் வரத்து அறுந்தது, உந்துவிசை போயிற்று. அடுத்த முறை, அந்தக் குளிரில் பம்பின் பேரிங்கும் வெளிக்கூடும் எவ்வளவு சுருங்கும் என்று மறுபடி கணக்கிட்டு, பம்பின் வடிவத்தையே திருத்தினார்கள். 2014 ஜனவரி 5-ல் ஜிஎஸ்எல்வி-டி5 நம் சொந்த கிரையோ எஞ்சினோடு போய்ச் சேர்ந்தது.

விகாஸ் எஞ்சின் நம்முடையதா, பிரான்சினுடையதா?

வேர் பிரான்சில். அங்கே எஸ்.இ.பி. நிறுவனம் செய்த வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பம் 1974 ஒப்பந்தத்தின்படி வந்தது. நம் பொறியாளர்கள் அங்கே போய் உழைத்துக் கற்றுக்கொண்டார்கள். இங்கே செய்த எஞ்சின் முதலில் 1985-ல் பிரான்சின் வெர்னான் சோதனைத்தளத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பிறகு சோதனை முழுக்க மகேந்திரகிரிக்கு வந்தது. வரைபடம் கைக்கு வந்துவிட்டால் எஞ்சின் வந்துவிடாது. உலோகம், வெல்டிங், சீல், பரிசோதனை எல்லாம் இங்கே புதிதாக நிலைநாட்டப்பட்டவை. அந்த அர்த்தத்தில் அது நம்முடையதுதான்.

அளவு தெரிய ஒரு கணக்கு: விண்வெளியில் சுமார் 800 கிலோநியூட்டன் உந்துவிசை. அதற்கு நொடிக்கு ஏறக்குறைய 275 கிலோ எரிபொருளும் ஆக்சிடைசரும் சேர்ந்து போக வேண்டும். அந்த வேகத்தில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒரு நிமிடத்துக்குள் காலி. பிஎஸ்எல்வி இரண்டாம் அடுக்கின் 40 டன் தீர இரண்டரை நிமிடம்கூட ஆகாது.

இதில் பற்றவைப்பான் கிடையாது. ஹைட்ரசின் குடும்பத்து எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் தொட்டதும் தாமாகப் பற்றும். வசதிதான். ஆனால் வால்வுகள் திறக்கிற நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒன்று முந்திவந்து எரி அறையில் தேங்கி, மற்றது பிந்தி வந்தால், தேங்கியதெல்லாம் ஒரே கணத்தில் எரிந்து அறையையே பிளக்கும்.

இந்த எரிபொருளோடு உலோகமும் ஒத்துப்போக வேண்டும். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 கிளம்ப 1 மணி 14 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்குத் தொட்டியில் கசிவு தெரிந்து நிறுத்தினார்கள். பிறகு தொட்டிக்கான அலுமினியக் கலவையையே மாற்றினார்கள். நிறுத்த மனசு வந்ததே, அதுதான் அன்றைக்கு ராக்கெட்டைக் காப்பாற்றியது.

எரி அறை உருகாமல் எப்படி நிற்கிறது?

உள்ளே 3,000 டிகிரியை ஒட்டிய சூடு, எந்த எஃகும் தாங்காது. இரண்டு வழி உண்டு. எரிபொருளையே சுவருக்குள் நுண்ணிய வாய்க்கால்களில் ஓடவிட்டுச் சூட்டை வாங்கிக்கொள்வது ஒன்று. சுவரை ஒட்டி எரிபொருளை மெல்லிய படலமாக வழியவிடுவது இன்னொன்று. வி-2-வில் இரண்டும் இருந்தன. வாய்க்காலில் ஒரு துணுக்கு அடைத்தாலும் அந்த இடம் மட்டும் பழுத்து ஓட்டை விழும். சுத்தம் அங்கே உயிர்.

எஞ்சின் தானாக அதிர்ந்து உடைவதாகப் படித்தோம், உண்மையா?

உண்மை. எரி அறைக்குள் அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதி, எரிதலோடு சேர்ந்து தன்னையே வளர்த்துக்கொள்ளும். நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் உலோகம் கிழிந்துவிடும். சந்திரனுக்குப் போன சாட்டர்ன்-5-ன் எஃப்-1 எஞ்சின் 1960-களின் தொடக்கத்தில் இதனால் சோதனைத்தளத்திலேயே சிதறியது. தீர்வு காண ஏறக்குறைய 2,000 முழு அளவுச் சோதனை பிடித்தது. ஓடும் எஞ்சினுக்குள் வேண்டுமென்றே சின்ன வெடிகுண்டு வெடித்து அலையைக் கிளப்புவார்கள். அலை தானாக அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். எரிபொருள் தெளிக்கும் தட்டின்மேல் செம்புத் தடுப்புகள் வைத்துத்தான் அதை அடக்கினார்கள்.

கிரையோ சோதனைக்கு முன்னால் இத்தனை நேரம் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் குளிர்விக்கிறார்கள், காற்றைத் துரத்துகிறார்கள். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. சாதாரண வெப்பத்தில் இருக்கும் குழாய்க்குள் அதை விட்டால் திரவம் வாயுவாகி, பம்புக்கு வாயுதான் போய்ச்சேரும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழாயையும் பம்பையும் முதலில் குளிர வைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் உள்ளே ஈரமோ காற்றோ இருக்கக் கூடாது. ஈரம் ஐஸாகி வால்வைப் பூட்டிவிடும். நைட்ரஜன் வாயுவால் ஊதித் துரத்தலாம், ஆனால் ஹைட்ரஜன் குழாயை நைட்ரஜனோடு விட்டுவிட முடியாது. மைனஸ் 210-லேயே நைட்ரஜன் கட்டியாகிவிடும். ஆகவே கடைசியாக ஹீலியத்தால் ஊத வேண்டும். ஹீலியம் விலை கூடியது, ஆனாலும் வேறு வழியில்லை.

ஆக்சிஜன் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் ஆபத்து. கேஸ் வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் ரெகுலேட்டருக்கு எண்ணெய் போடாதே என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களே, அதே பாடம்தான்.

இன்னொரு தொல்லை நாசில். விண்வெளிக்கென்று அகலமாகச் செய்த நாசிலைத் தரையில் ஓட்டினால், வெளிக்காற்று உள்ளே புகுந்து சுடர் சுவரை விட்டுப் பிரிந்து நாசிலை உலுக்கும். நம் சிஇ-20 கிரையோ எஞ்சினின் நாசில் வாயில் அழுத்தம் 50 மில்லிபார்தான், வெளியே 1,000 மில்லிபார். இதற்கு நாசில் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைப் பொருத்தி, 2024 நவம்பரில் மகேந்திரகிரியில் தரைமட்டச் சோதனை செய்தார்கள்.

செயற்கைக்கோளுக்கு மின்சாரம் முதலில் எப்படிக் கொடுத்தார்கள்?

வெறும் பேட்டரி. 1957 அக்டோபர் 4-ல் போன ஸ்புட்னிக்-1 எடை 83.6 கிலோ, அதில் பாதிக்கு மேல் வெள்ளி-துத்தநாகப் பேட்டரி. மூன்று வாரத்தில் பேச்சு நின்றது. 1958 மார்ச் 17-ல் போன வேன்கார்டு-1 ஒன்றரை கிலோகூட இல்லை, ஆனால் அதில் ஆறு சூரிய மின்கலம் ஒட்டியிருந்தது. அதன் பேட்டரி ஒலிபரப்பி ஜூனிலேயே அடங்கிவிட்டது. சூரிய மின்கலத்தில் ஓடியது 1964 மே வரை பேசியது. பெல் ஆய்வுக்கூடம் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் கலத்தைக் காட்டி நான்கே ஆண்டு ஆகியிருந்தது.

நம் ஆர்யபட்டா, 1975 ஏப்ரல் 19, 360 கிலோ. சில நாட்களிலேயே மின்வழங்கலில் கோளாறு வந்து அறிவியல் கருவிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. 1981-ல் ஆப்பிள் செயற்கைக்கோளின் இரண்டு சூரியப் பலகைகளில் ஒன்று விரியவே இல்லை. இருந்தும் அதை இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டினார்கள்.

சூரிய ஒளி போதாத இடத்துக்கு வேறு வழிகள் வந்தன. 1961-ல் டிரான்சிட்-4ஏ புளுட்டோனியத்தின் சூட்டிலிருந்து 2.7 வாட் எடுத்தது. 1965-ல் ஜெமினி-5 எரிபொருள் கலத்தோடு போனது. அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் தரும். 2024 ஜனவரி 1-ல் பிஎஸ்எல்வி-சி58 ஏவப்பட்டபோது வேலை முடிந்து சுற்றிக்கொண்டிருந்த அதன் கடைசி அடுக்கில் இஸ்ரோ தன் எரிபொருள் கலத்தை ஓட்டி 180 வாட் எடுத்தது.

கல்லூரி மாணவர்கள் சின்ன செயற்கைக்கோள் செய்தால் பலகை எவ்வளவு, பேட்டரி எவ்வளவு?

இரவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். பகலிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தாழ்ந்த பாதையில் ஒரு சுற்று 95 நிமிடம், அதில் இருட்டு 35 நிமிடம் என்று வைப்போம். கருவிகள் தொடர்ந்து 10 வாட் கேட்கின்றன.

இருட்டுக்கு வேண்டியது 10-ஐ 35-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 5.8 வாட்-மணி. 3.6 வோல்ட், 2.6 ஆம்பியர்-மணி லித்தியம் கலம் ஒன்று 9.4 வாட்-மணி. ஒரே கலம் போதும்போலத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 5,500 தடவை அது வடிந்து நிறையும், அத்தனை ஆழமாக வடித்தால் சில மாதத்தில் சோர்ந்துவிடும். நான்கு கலம் வையுங்கள். அப்போது ஒவ்வொரு இரவும் 16 சதவீதம்தான் வடியும்.

வெயிலில் 60 நிமிடம். ஓடுகிற கருவிக்கு 10 வாட், பேட்டரியை நிரப்ப இழப்பும் சேர்த்து 7.3 வாட், ஆக 17.3. சூரிய ஒளி சதுர மீட்டருக்கு 1,361 வாட். கலத்தின் திறன் 28 சதவீதம் என்றால் 381. சூடு, இடைவெளி, வயது எல்லாவற்றுக்கும் கால் பங்கு கழித்தால் 286. வகுத்தால் 605 சதுர செ.மீ. வரும், கிட்டத்தட்ட 25 செ.மீ. சதுரப் பலகை. இது சூரியனை நேராகப் பார்க்கும் பலகைக்கு மட்டும். உருண்டுகொண்டே போகும் செயற்கைக்கோளுக்கு அதைவிட நிறைய வேண்டும்.

மகேந்திரகிரியில் வேலைக்குப் போக என்ஜினீயரிங்தான் படிக்க வேண்டுமா?

இல்லை. ஐடிஐ படித்த ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், டிப்ளமோ படித்தவர்கள் எல்லாருக்கும் இடமுண்டு. அறிவிப்பு இஸ்ரோ இணையதளத்தில் வரும். பணம் கேட்டு இடையில் வருகிற யாரையும் நம்பாதீர்கள்.

பள்ளிக் கண்காட்சிக்கு நிஜ ராக்கெட் செய்யலாமா?

தீக்குச்சி மருந்து, பட்டாசு மருந்து, சர்க்கரைக் கலவை எதுவும் வேண்டாம். சிவகாசியில் ஆயுளெல்லாம் மருந்தோடு பழகியவர்களையே உராய்வு ஒன்று கொண்டுபோய்விடுகிறது. தண்ணீர் ராக்கெட் செய்யுங்கள், அது நிஜ ராக்கெட்தான்.

1.25 லிட்டர் கலர் (குளிர்பான) பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஆகாது. மூன்றில் ஒரு பங்கு, சுமார் 400 மில்லி, தண்ணீர் ஊற்றுங்கள். ரப்பர் கார்க்கில் துளையிட்டு சைக்கிள் ட்யூப் வால்வைச் செருகி வாயில் இறுக்குங்கள். அட்டையில் மூன்று சிறகு, பாட்டிலின் வாய்ப்பக்கமாக. மறுமுனையில் கொஞ்சம் களிமண் வைத்தால் நேராகப் போகும். அழுத்தம் காட்டும் பம்பை நீளக் குழாயில் கோத்து, 10 மீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். 3 பாருக்குமேல் போக வேண்டாம்.

கார்க் பிடுங்கும் கணத்தில் உந்துவிசை, அழுத்தத்தையும் வாயின் பரப்பையும் பெருக்கி அதற்கு இரண்டு மடங்கு. 22 மி.மீ. வாய், 3 பார் என்றால் 230 நியூட்டன் அளவில், அதாவது 23 கிலோ எடைக்குச் சமம். தண்ணீர் முழுதும் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்துவிடும்.

கார்க் 1 பாரிலேயே பிடுங்கிக்கொண்டால் ஈரம் துடைத்து இறுக்கமாகச் செருகுங்கள். கரணம் போட்டால் முனையில் எடை போதவில்லை. பறக்கவிடும் முன் பாட்டிலைத் தண்ணீரால் ததும்ப நிரப்பி 4 பார் அடித்துப் பாருங்கள். ராக்கெட் தொட்டிக்கும் இதே முறைதான். தண்ணீர் சுருங்காது என்பதால் பாட்டில் கிழிந்தாலும் தெறிப்பதோடு முடிந்துவிடும், காற்றாக இருந்தால் வெடித்துச் சிதறும். ஒவ்வொரு தடவையும் பாட்டிலின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் பிளாஸ்டிக் விரிசல்விடத் தொடங்கிவிட்டது. அந்தப் பாட்டிலை வெட்டிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.